கயிறு இழுத்த கரையில் ஆறு நாட்கள்

முதல் நாள், ஞாயிறு: ஓசேர் – ஷாதெல்-சென்சுவார், ஏறக்குறைய 47 கி.மீ.

பாரிசின் பெர்சி நிலையத்தில் காலையில் பிடித்த ரயில் ஒன்றே முக்கால் மணி நேரத்தில் எங்களை ஓசேரில் இறக்கிவிட்டது. எங்களை என்றால், என்னையும் என் மைத்துனனையும். அவன் லியோனில் படிக்கிறான். நான் பாரிஸ் புறநகர் ஒன்றில் பதினோரு ஆண்டுகளாக இருக்கிறேன். அன்றாடம் அலுவலகத்துக்கு மிதிவண்டியில் போய்வருகிறவன் ஆதலால், கார்களுக்கும் பேருந்துகளுக்கும் நடுவே உடம்பைக் குறுக்கிக்கொண்டு போகும் வித்தை எனக்குப் பழகிவிட்டது. அந்த வித்தைக்கு வேலையே இல்லாத பாதையில் சில நாட்கள் ஓட்டிப் பார்க்கவேண்டும் என்ற ஆசையில், செப்டம்பர் நடுவில் விடுப்பு எடுத்துக்கொண்டு நிவெர்னே கால்வாயின் கரையைப் பிடித்தோம்.

ஓசேரில் யோன் ஆற்றிலிருந்து பிரிந்து தெற்கே தெசீஸ் ஊரில் லுவார் ஆற்றைச் சேரும் இந்தக் கால்வாயின் நீளம் 174 கிலோமீட்டர். வெட்டத் தொடங்கிய ஆண்டு 1784. இடையில் புரட்சி வந்தது, போர்கள் வந்தன, பணம் தீர்ந்தது. முழு நீளத்துக்கும் படகு ஓடுவதற்குள் 1840கள் பிறந்துவிட்டன. அன்றைய படகுகளுக்கு இயந்திரம் கிடையாது. கரையில் நடக்கும் குதிரையோ கழுதையோ, அதற்கும் வசதியில்லாதபோது படகுக்காரரும் அவர் வீட்டாருமோ, மார்பில் பட்டையை மாட்டிக்கொண்டு கயிற்றால் இழுத்துப்போனார்கள். இழுக்கிறவர் நடப்பதற்காக நீரை ஒட்டிச் சமதளமாகப் போட்ட பாதைதான் இன்று மிதிவண்டிகளுக்கு வாய்த்திருக்கிறது. சுமையோடு குதிரை மூச்சு வாங்கக்கூடாது என்று 200 ஆண்டுகளுக்கு முன் யாரோ அளந்து போட்ட மட்டம், இன்று என் முழங்காலுக்கு உதவுகிறது.

இவ்வகைப் பாதைகளை இங்கே ‘வுவா வேர்த்’, அதாவது பச்சைவழி என்கிறார்கள். மோட்டார் வண்டிகள் நுழையக்கூடாத தனி வகைப் பாதையாக 2004இல் இது சாலை விதிகளுக்குள் சேர்க்கப்பட்டது. நீலநிறச் சதுரப் பலகை நட்டிருந்தால் அது பச்சைவழி. ஆனால் ஓசேர் முதல் தெசீஸ் வரை முழுவதும் அப்படித்தான் என்று எண்ணி யாரும் கிளம்பவேண்டாம். சில இடங்களில் பாதை கிராமத்துச் சிறு சாலையோடு கலக்கிறது. சில இடங்களில் தார் முடிந்து சரளைக் கல் தொடங்குகிறது. 32 மில்லிமீட்டர் அகல டயர் போட்டுக்கொண்டு வா என்று மைத்துனனிடம் இரண்டு முறை சொல்லியிருந்தேன். பந்தய வண்டிக்குரிய மெல்லிய டயரோடு வந்து நின்றான். இதன் மிச்சக் கதை நான்காம் நாளில் வரும். எனக்கு அதில் பெருமை ஒன்றும் இல்லை.

ஆற்றின் கிழக்குக் கரையில் நின்று பார்த்தால் ஓசேர் நகரம் படிக்கட்டில் அமர்ந்த கூட்டம்போல் தெரிகிறது: கீழே படகுகள், மேலே ஓட்டுக்கூரைகள், அவற்றுக்கும் மேலே செந்த்-எத்தியேன் பேராலயமும் சென்-ஜெர்மேன் மடாலயமும். ஞாயிறு மதியத்தோடு ரொட்டிக்கடைகள் மூடிவிடும் என்பதால் நகரத்தைப் பார்ப்பதற்கு முன்பே மூன்று பகெத் ரொட்டிகளும் பாலாடைக்கட்டியும் வாங்கிப் பின்சுமையில் கட்டிக்கொண்டோம். அரை மணி நேரத்தில் நகரம் பின்தங்கியது. பாய்யி என்னும் ஊருக்கு மேலே குன்றுக்குள் பழைய கல் சுரங்கம் இருக்கிறது. கட்டடக் கல் வெட்டி ஆற்றுவழியே பாரிசுக்கு அனுப்பிய அந்தக் குகையில் இப்போது நுரைக்கும் வெள்ளை ஒயின் புட்டிகள் உறங்குகின்றன. நாங்கள் ஏறிப் பார்க்கவில்லை. முதல் நாளே குன்று ஏற மனமில்லை.

கிரவான் தாண்டி ஒரு மதகடியில் அரை மணி நேரம் உட்கார்ந்தோம். ‘எக்லூஸ்’ என்று இவர்கள் சொல்வதை நான் மதகு என்று எழுதுகிறேன்; நம் ஊர் ஏரி மதகைப்போல நீரைத் திறந்துவிடுவதோடு இதன் வேலை முடிவதில்லை. முன்னும் பின்னும் கதவுள்ள கல் தொட்டி இது. படகு உள்ளே வந்ததும் கீழ்க்கதவை அடைத்து, மேல்மட்டத்து நீரைத் தொட்டிக்குள் விட்டால் நீரோடு படகும் உயரும். இரு பக்கமும் மட்டம் சரியானதும் மேல்கதவு தானாக இளகிக் கொடுக்கும். அன்று பணியில் இருந்தவர் கோடைக்கால வேலைக்கு வந்த கல்லூரி மாணவி. இரும்புக் கைப்பிடியைச் சுழற்றிக் கதவின் அடியிலுள்ள பலகையை அவர் தூக்க, பல்சக்கரம் ஒவ்வொரு பல்லாக ‘டக், டக்’ என்று ஏறியது. ஒரு கதவைத் திறந்துவிட்டு, மறு கரைக்குப் போய் இன்னொன்றைத் திறக்கவேண்டும். படகில் இருந்த முதியவர் கயிற்றைக் கம்பத்தில் சுற்றிப் பிடித்துக்கொண்டு, நீர் ஏற ஏற அதைச் சிறிது சிறிதாக இறுக்கினார். எவருக்கும் அவசரமில்லை. பன்னிரண்டு நிமிடத்தில் படகு என் கணுக்கால் மட்டத்திலிருந்து இடுப்பு மட்டத்துக்கு வந்திருந்தது.

மாலையில் சொசுவாப் பாறைகளின் கீழே போனோம். ஆற்றோரமாகச் செங்குத்தாக எழும் வெள்ளைச் சுண்ணப்பாறைச் சுவர் அது. கயிறு கட்டி ஏறுகிறவர்கள் பல்லிகளைப்போல் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். ஷாதெல்-சென்சுவாரில் கூடாரம் அடித்தபோது கைக்கடிகாரம் ஏழைக் காட்டியது. காலை முதல் என்னைக் கடந்துபோன கார்களை விரலால் எண்ணிக்கொண்டு வந்தேன், ஒன்பது.

இரண்டாம் நாள், திங்கள்: ஷாதெல்-சென்சுவார் – கிளாம்சி, ஏறக்குறைய 20 கி.மீ.

பிரெஞ்சு நாட்டுப்புறத்தில் திங்கட்கிழமை என்பது கடைகளின் ஞாயிற்றுக்கிழமை. இதைப் பதினோரு ஆண்டுகளாக அறிந்திருந்தும் மறந்துபோனேன். முதல் ஊரில் ரொட்டிக்கடை மூடியிருந்தது. இரண்டாம் ஊரில் கடையே இல்லை. பசியை நேற்றைய ரொட்டியின் கடைசித் துண்டு தாங்கியது, தாகத்துக்கு வழியில்லை. அப்போது எதிரே நடந்து வந்த முதிய பெண்மணி ஒருவர் எங்கள் காலிப் புட்டிகளைப் பார்த்துவிட்டு, “கல்லறைத் தோட்டத்துக்குப் போங்கள்” என்றார். சொன்ன விதத்தில் ஒரு கணம் திகைத்துப்போனோம். பிறகுதான் விளக்கினார்: கல்லறைகளில் வைத்த பூச்செடிகளுக்கு ஊற்றுவதற்காக ஒவ்வோர் ஊர்க் கல்லறைத் தோட்டத்திலும் குழாய் இருக்குமாம், அதற்குப் பூட்டும் கிடையாதாம். வாசலை ஒட்டிய சுவரில் வரிசையாகப் பச்சைப் பூவாளிகள் மாட்டியிருந்தன. அவற்றுக்குக் கீழே பித்தளைக் குழாய். ‘குடிப்பதற்கல்ல’ என்ற பலகை இல்லை என்பதை உறுதிசெய்துகொண்டு நிரப்பினோம். குளிர்ந்த, சற்றே இரும்பு வாசம் உள்ள நீர். மைத்துனன் வெளியேறும்போது கும்பிடுபோட்டுவிட்டு வந்தான்.

“யாருக்குடா கும்பிடு?”

“தண்ணி கொடுத்தவங்களுக்கு, அத்தான்.”

கிளாம்சியை மதியத்துக்குள் அடைந்துவிட்டோம். இன்றைக்கு இவ்வளவு போதும் என்று நிறுத்தியதற்குக் காரணம், இந்தக் கால்வாய் ஏன் இங்கே இருக்கிறது என்பதற்கான விடை இந்த ஊரில் இருக்கிறது என்பதுதான். 16ஆம் நூற்றாண்டில் பாரிசில் விறகுப் பஞ்சம். சுற்றுவட்டாரக் காடுகளை அடுப்பும் சூளையும் தின்று தீர்த்துவிட்டன. தென்கிழக்கே மொர்வான் மலைக்காடுகளில் மரம் ஏராளம். வண்டியில் கொண்டுவரச் சாலையில்லை. ஆகவே ஆற்றையே வண்டியாக்கினார்கள். மரத்தைத் துண்டுபோட்டு, முனையில் உடைமைக்காரரின் முத்திரையைச் சுத்தியலால் அடித்து, காட்டோடைகளில் தள்ளிவிடுவார்கள். ஓடைகளில் நீரைத் தேக்கி ஒரே நேரத்தில் திறந்துவிட, துண்டுகள் முட்டிமோதிக்கொண்டு யோன் ஆற்றுக்கு வந்துசேரும். கிளாம்சியில் அவற்றை நீரிலிருந்து இழுத்து, முத்திரை பார்த்துப் பிரித்து அடுக்கி, பிறகு கொடிகளாலும் கழிகளாலும் கட்டி, ஏறக்குறைய 70 மீட்டர் நீளமுள்ள தெப்பங்களாக்குவார்கள். ஒரு தெப்பத்துக்கு ஓர் ஆளும் ஒரு சிறுவனும். பாரிஸ் போய்ச்சேர ஒன்றரை வாரம்போல் ஆகும். தெப்பத்தை அங்கே பிரித்து விறகாக விற்றுவிடுவதால், திரும்பி வருவது கால்நடையாகத்தான்.

பெத்லகேம் பாலத்தருகே கையில் நீண்ட கழியோடு நிற்கும் தெப்பக்காரரின் சிலையைப் பார்த்தபோது, கட்டுமரம் என்ற நம் சொல்லை ஐரோப்பியர் கடலோரத்தில் கேட்டு எடுத்துக்கொண்டுபோய் இரட்டை உடல் படகுக்குப் பெயராக்கியது நினைவுக்கு வந்தது. உண்மையான கட்டு மரங்கள் அவர்கள் ஆற்றிலேயே மிதந்துகொண்டிருந்திருக்கின்றன. பாலத்தின் பெயருக்கும் ஒரு கதை உண்டு. சிலுவைப்போர்களில் பெத்லகேமை இழந்த பிஷப்புகள் 13ஆம் நூற்றாண்டில் இந்தச் சிற்றூரில் அடைக்கலம் புகுந்து, பிரெஞ்சுப் புரட்சிவரை ‘பெத்லகேம் பிஷப்’ என்ற பட்டத்தோடு இங்கேயே இருந்தார்கள்.

நிவெர்னே கால்வாயும் முதலில் இதே விறகுக்காகத்தான் திட்டமிடப்பட்டது. கால்வாய் முடிந்த சில பத்தாண்டுகளில் பாரிஸ் நிலக்கரிக்கு மாறியது, ரயிலும் வந்தது. ஆற்றில் மரம் மிதக்கவிடும் தொழில் 1920களில் அடியோடு நின்றுபோயிற்று. நேற்று முழுவதும் நான் ரசித்த அமைதி, ஒரு தொழில் செத்த இடத்தில் முளைத்தது. அதை நினைத்த பிறகும் ரசிப்பு குறையவில்லை, ஆனால் அதன் நிறம் கொஞ்சம் மாறிவிட்டது.

மூன்றாம் நாள், செவ்வாய்: கிளாம்சி – வெசலே – பிரேவ் – தனே, ஏறக்குறைய 55 கி.மீ.

இன்று கால்வாயை விட்டு விலகி வெள்ளைச் சாலைகளில் ஓட்டினோம். பிரான்சின் சாலை வரைபடங்களில் பெருஞ்சாலைகள் சிவப்பு, அடுத்தவை மஞ்சள், அதற்கும் சிறியவை வெள்ளை. மிதிவண்டிக்காரருக்கு முதல் பாடம் வெள்ளையைப் பார் என்பது. இரண்டாம் பாடம், இரு ஊர்களுக்கு நடுவே வெள்ளைக் கோட்டுக்குப் பக்கத்திலேயே மஞ்சள் கோடும் ஓடினால் அந்த வெள்ளைச் சாலை கிட்டத்தட்ட உனக்கே சொந்தம் என்பது. காரில் போகிறவர்கள் எல்லாம் மஞ்சளில் போய்விடுவார்கள். நான் வழியை இப்படித்தான் தேர்கிறேன். கைப்பேசிச் செயலி காட்டும் ‘விரைவான வழி’ இந்த விஷயத்தில் பெரும்பாலும் எதிரி.

ஒற்றை வண்டி அகலம், நடுக்கோடு கிடையாது, இரு பக்கமும் முள்வேலியும் ஓக் மரங்களும், மூலையில் மஞ்சள் தலைபோட்ட கிலோமீட்டர்க் கல். தார் மட்டும் நம் ஊர் நெடுஞ்சாலைகள் நாணும்படி சீராக இருக்கிறது. இத்தனை சிறிய ஊர்களுக்கு இத்தனை நல்ல சாலை எதற்கு என்று மைத்துனன் கேட்டான். சாலை போட்ட காலத்தில் ஊர்கள் சிறியவையாக இல்லை. கிளாம்சி அடங்கிய நியெவ்ர் மாவட்டத்தில் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் 3,40,000 பேருக்கு மேல் வாழ்ந்தார்கள். இன்று இருப்பவர்கள் ஏறத்தாழ 2,00,000 பேர்தான். மக்கள் நகரங்களுக்குப் போய்விட்டார்கள், சாலைகளை மாவட்ட நிருவாகம் விடாமல் பராமரித்துக்கொண்டிருக்கிறது.

ஒன்றே ஒன்றில் மட்டும் எச்சரிக்கை தேவை. சிற்றூர்களுக்குள் பலகை எதுவும் இல்லாத சந்திப்பில் வலப்பக்கச் சந்திலிருந்து வருகிறவருக்கே முன்னுரிமை. அது டிராக்டராக இருந்தாலும் சரி, தோட்டத்துக் கதவிடுக்கு போன்ற சந்தாக இருந்தாலும் சரி. ஊருக்கு வெளியே மிதிவண்டியைக் கடக்கும் கார் ஒன்றரை மீட்டர் இடைவெளி விடவேண்டும் என்பது சட்டம். இங்கே வருகிற ஓரிரு கார்கள் அதற்கும் மேலே போய், எதிர்ப்பக்கப் புல்லில் இரு சக்கரங்களை இறக்கி நம்மைக் கடக்கின்றன. கடக்கும்போது ஓட்டுநர் ஒரு விரலைத் தூக்குகிறார். அதற்கு வணக்கம் என்று பொருள்.

வெசலேக் குன்று வெகு தொலைவிலேயே தென்பட்டுவிட்டது. கடைசி இரண்டு கிலோமீட்டர் ஏற்றத்தில் இருவருமே பேசவில்லை. உச்சியில் மகதலேனா மரியாள் பேராலயம். 1146இல் இரண்டாம் சிலுவைப்போருக்கு பெர்னார் துறவி அழைப்பு விடுத்தது இக்குன்றின் சரிவில்தான். 1840 முதல் வியோலே-ல-துக் என்ற இளம் கட்டடக்கலைஞர் இடியும் நிலையிலிருந்த இதைத் தூக்கி நிறுத்தினார். 1979இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. உட்கூடத்தில் வளைவுக்கற்கள் மங்கலான செம்மையும் வெண்மையும் மாறிமாறி அமைந்திருக்கின்றன. வியர்வை காயும்வரை அதன் குளுமையில் நின்றேன்.

நான் உண்மையில் வெசலேக்கு வந்தது வேறொரு வீட்டுக்காக. கிளாம்சியில் 1866இல் பிறந்த எழுத்தாளர் ரொமேன் ரோலான் தம் கடைசி ஆண்டுகளை இந்த ஊர் ஏற்றத்தெருவில் ஒரு வீட்டில் கழித்து, 1944 டிசம்பர் 30 அன்று இங்கே இறந்தார். இந்தியாவுக்கு ஒருபோதும் வந்திராத அவர் 1924இல் காந்தியைப் பற்றிப் பிரெஞ்சில் எழுதிய நூல்தான் ஐரோப்பாவின் பெரும்பகுதிக்குக் காந்தியை அறிமுகப்படுத்தியது. பிறகு இராமகிருஷ்ணரையும் விவேகானந்தரையும் பற்றி எழுதினார். 1931 டிசம்பரில் காந்தி சுவிட்சர்லாந்தில் அவர் அப்போது குடியிருந்த ஊருக்கே போய்த் தங்கினார். வெசலே வீடு இன்று ஓவிய அருங்காட்சியகம். தெருவில் நின்று சன்னல்களைப் பார்த்துவிட்டு இறங்கினோம்.

தென்மேற்கே, வெள்ளைச் சாலைகளிலேயே, மெஸ்-ல-கோந்த் என்னும் சிற்றூர் வழியாகப் போனோம். ஊரைக் கீழே விட்டுவிட்டு, தேவாலயம் மட்டும் ஒரு மேட்டின் உச்சியில் தனியே நிற்கிறது. அங்கிருந்து சரிந்தால் பிரேவ். ரோலானின் கல்லறை இந்தச் சிற்றூரில்தான் இருக்கிறது. பாரிசின் பெரும் கல்லறைத் தோட்டங்களில் இடம் கிடைத்திருக்கக்கூடிய நோபல் பரிசாளருக்கு, தெப்பங்கள் மிதந்த யோன் பள்ளத்தாக்கில் எளிய கல் ஒன்று. எங்களைத் தவிர அங்கே வேறு எவரும் இல்லை. மைத்துனன் பழக்கத்தில் குழாயைத் தேடிப் புட்டிகளை நிரப்பிக்கொண்டு வந்தான்.

நான்காம் நாள், புதன்: தனே – சார்தி – பாய் – ஷாத்தியோன், ஏறக்குறைய 62 கி.மீ.

மீண்டும் கால்வாய். காலை மூடுபனியில் நாரைகள் கரையில் ஒற்றைக் காலில் நின்றன. எங்கள் சக்கரம் பத்து மீட்டர் நெருங்கும்வரை அசையாமல் இருந்து, பிறகு மிகுந்த சலிப்போடு சிறகை விரித்து அடுத்த வளைவில் போய் நிற்கும். இரண்டு வளைவு தாண்டினால் அதே நாரை. நான்கு கிலோமீட்டர் வரை ஒரு நாரையை நாங்கள் இப்படித் துரத்திக்கொண்டு போனோம்.

ஷித்ரி தாண்டியதும் என் பின்சக்கரம் தரையைத் தட்டியது. ஆம், என் சக்கரம்தான், 32 மில்லிமீட்டர் டயர். செப்டம்பரில் வேலிகளைக் கத்தரிக்கிறார்கள். கத்தரித்த முள் பாதையில் கிடக்கிறது. உள்ளே இருந்த ட்யூபைக் கழற்றிப் புதியதைப் போட்டு, நூற்றைம்பது முறை பம்பு அடித்து, கையைத் துடைத்துக்கொண்டு ஏறினால், முந்நூறு மீட்டரில் மறுபடியும் காற்றில்லை.

“அத்தான், டயர் உள்பக்கம் விரல் விட்டுப் பார்த்தீங்களா?”

பார்க்கவில்லை. பத்து ஆண்டுகளாகப் பிறருக்கு நான் சொல்லிக்கொடுக்கும் முதல் பாடம் அது. அவன் டயரை உள்புறமாகத் திருப்பி விரல்நுனியால் மெதுவாகத் தடவிக்கொண்டே வந்தவன், ஓர் இடத்தில் நிறுத்தினான். நகக்கண் அளவு கருமுள். வெளியிலிருந்து பார்த்தால் புள்ளியாகக்கூடத் தெரியவில்லை. உள்ளே மூன்று மில்லிமீட்டர் நீட்டிக்கொண்டு நின்றது. பேனாக்கத்தியால் பிடுங்கிவிட்டு, இம்முறை ஓட்டையைக் கண்டுபிடித்து ஒட்டுப்போட வேண்டியதாயிற்று. ட்யூபைக் கால்வாய் நீரில் முக்கியதும் சரம் சரமாகக் குமிழி வந்தது. உப்புத்தாளால் தேய்த்து, பசை தடவி, அது காயும்வரை காத்திருந்து, ஒட்டை அழுத்திப் பிடித்தேன். அவனுடைய மெல்லிய டயருக்கு ஆறு நாளும் ஒன்றும் ஆகவில்லை. அதைப்பற்றி அவன் ஒரு சொல்லும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பரவாயில்லை என்றிருந்தது.

சார்தியில் கால்வாய் மலை ஏறுகிறது. ஏறக்குறைய மூன்றரை கிலோமீட்டருக்குள் 16 மதகுகள், படிக்கட்டுபோல் ஒன்றன்மேல் ஒன்று. ஒவ்வொன்றின் அருகிலும் காவலர் குடியிருந்த சிறு வீடு. கதவு, இரண்டு சன்னல், முன்னால் வெங்காயப் பாத்தி. சில வீடுகளில் இப்போது குயவர்களும் ஓவியர்களும் குடியேறிச் சரக்கை வாசலில் பரப்பியிருக்கிறார்கள். மரநிழலில் பாதை ஒவ்வொரு மதகடியிலும் சிறிது எம்பி, மறுபடியும் சமமாகிறது. மலையேற்றத்தைத் தவணை முறையில் செலுத்துவதுபோல் இருந்தது. இந்த ஆறு நாட்களில் ஒரே ஒரு மணி நேரத்தைத்தான் மறுபடி தருவார்கள் என்றால், நான் இந்த மூன்றரை கிலோமீட்டரைக் கேட்பேன்.

உச்சியில் லா கொலான்செல். யோன் நீர் ஒரு பக்கம், லுவார் நீர் மறு பக்கம் என்று பிரியும் மேடு இது. மேட்டைத் தாண்ட வழியில்லாமல் துளைத்துவிட்டார்கள். 758, 268, 212 மீட்டர் என்று மூன்று சுரங்கங்கள். அவற்றை இணைக்கும் ஆழ்ந்த வெட்டுப்பள்ளங்கள். சுரங்கத்துக்குள் இழுவைப் பாதை கிடையாது. மிதிவண்டி மேலே காட்டுவழியாகச் சுற்றிப்போகிறது. விளிம்பில் வண்டியைச் சாத்திவிட்டு எட்டிப் பார்த்தோம்: பாறைச் சுவர்களில் பாசியும் பெரணியும் தொங்க, சொட்டுச் சொட்டாக நீர் விழ, கீழே அசையாத கரும்பச்சைக் கோடு. ஒரு படகு உள்ளே போனால் எதிரே இன்னொன்று வரமுடியாது, முறைவைத்துத்தான் விடுகிறார்கள்.

மேட்டின் உச்சியில் கால்வாய்க்கு நீர் எங்கிருந்து வருகிறது என்ற கேள்வி இயல்பானது. ஒவ்வொரு முறை மதகு திறக்கும்போதும் உச்சி நீர் இரு புறமும் இறங்கிப் போய்க்கொண்டே இருக்கிறது. அதற்காக பாய், வோ என்னும் பெரிய ஏரிகளில் நீரைத் தேக்கினார்கள். அதுவும் போதாமல், யோன் ஆற்றின் மேற்பகுதியிலிருந்து ஏறக்குறைய 25 கிலோமீட்டருக்கு ஒரு சிறு வாய்க்கால் வெட்டி நீரைக் கொண்டுவந்தார்கள். அந்த வாய்க்கால் மொந்த்ரெயோன் என்ற ஊரில் 33 மீட்டர் உயரப் பாலத்தின் மீது பள்ளத்தாக்கைத் தாண்டுகிறது. பாய் ஏரிக்கும் கால்வாய்க்கும் நடுவே கரை ஒன்றுதான். அந்தக் கரைமேல் பாதை. ஒரு பக்கம் அலை, மறுபக்கம் கண்ணாடி. இரு நீருக்கும் நடுவே ஓட்டிக்கொண்டு போனபோது வெயில் சாய்ந்திருந்தது. பஞ்சர் போட்ட நேரத்தை ஈடுகட்ட வேண்டியிருந்ததால், ஷாத்தியோன் கோட்டையின் கீழே இருட்டோடுதான் போய்ச்சேர்ந்தோம்.

ஐந்தாம் நாள், வியாழன்: ஷாத்தியோன் – தெசீஸ், ஏறக்குறைய 52 கி.மீ.

இன்று எழுத அதிகமில்லை. எதிர்க்காற்று. ஆரோன் ஆற்றுப் பள்ளத்தாக்கின் அகன்ற புல்வெளிகளில் வெள்ளைநிற ஷரொலே மாடுகள். தலையைத் தூக்கிப் பார்க்கும், மந்தையாக வேலியோரம் வரும், பிறகு ஆர்வம் இழந்துவிடும். செர்சி-லா-தூரில் காப்பி.

இந்தத் தெற்குப் பகுதியில் படகுகள் ஏன் இவ்வளவு குறைவு என்பதற்கு மட்டும் ஒரு பத்தி. 1879இல் பிரெஞ்சு அரசு தன் கால்வாய்களுக்கு ஒரே அளவு வகுத்தது: 38.5 மீட்டர் நீளப் படகு நுழையும்படி மதகுகள் இருக்கவேண்டும். நாட்டின் முக்கியக் கால்வாய்கள் அதற்கேற்ப நீட்டப்பட்டன. நிவெர்னேயின் நடுப்பகுதி மதகுகள் மட்டும் ஏறக்குறைய 30 மீட்டர் படகுக்குரிய பழைய அளவிலேயே நின்றுவிட்டன. பெரிய சரக்குப் படகு முழுதும் கடந்துபோக முடியாத கால்வாய்க்குச் சரக்கு எப்படி வரும்? மூடிவிடலாம் என்ற பேச்சு எழுந்த நிலையில்தான், 1960களில் பாய் ஏரிக்கரையில் வாடகை உல்லாசப் படகுகள் வந்து அதைக் காப்பாற்றின. எட்டு மீட்டர் குறைவாக இருந்த கற்சுவர்களுக்கு நான் தனிப்பட்ட முறையில் கடமைப்பட்டிருக்கிறேன்.

தெசீஸ் ஒருகாலத்தில் லுவார் ஆற்றுத் தீவு. பிரெஞ்சுப் புரட்சியின் தலைவர்களில் ஒருவரான சென்-ஜுஸ்த் 1767இல் இங்கே பிறந்தார். பெரிய பிளேன் மரங்கள் இரு வரிசையாக நிற்கும் நீண்ட உலாச்சாலையின் பெஞ்சில் சாய்ந்தவன், எழுந்தபோது கூட்டிப் பெருக்க ஆள் வந்துவிட்டார்.

ஆறாம் நாள், வெள்ளி: தெசீஸ் – கெத்தேன் – நெவேர், ஏறக்குறைய 65 கி.மீ.

நிவெர்னே கால்வாய் நேற்றோடு முடிந்தது. இன்றைய துணை, லுவாருக்குப் பக்கவாட்டில் ஓடும் மற்றொரு கால்வாய். லுவார் கோடையில் மணல்திட்டும் வெள்ளத்தில் சீற்றமுமாக இருப்பதால் அதில் படகோட்ட முடியாமல், பக்கத்திலேயே அடங்கிய நீர் ஒன்றை 19ஆம் நூற்றாண்டில் வெட்டிக்கொண்டார்கள். அட்லாண்டிக் கரையிலிருந்து கருங்கடல் வரை போகும் ஆறாம் எண் ஐரோப்பிய மிதிவண்டி நெடுவழி இதன் கரையைப் பயன்படுத்துகிறது. எனவே இங்கே கூட்டம் அதிகம். கூட்டம் என்றால், ஒரு மணி நேரத்துக்கு ஐந்தாறு மிதிவண்டிகள். முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு என்று நீர்புகாப் பைகளும், குழந்தையை இழுக்கும் தள்ளுவண்டியுமாக ஒரு குடும்பம் எதிரே வந்தது. தாய் எங்களுக்கு வழிவிட்டு ஒதுங்க, குழந்தை கையிலிருந்த ரொட்டியை ஆட்டிக் காட்டியது.

நெவேரை வலப்பக்கம் விட்டுவிட்டு முதலில் கெத்தேனுக்குப் போனோம். அங்கே அலியே ஆறு குறுக்கே வருகிறது. கால்வாய் அதை 18 வளைவுகள் கொண்ட, 343 மீட்டர் நீளக் கற்பாலத்தில் கடக்கிறது. பாலத்தின் மேல் சாலைக்குப் பதில் நீர்த்தொட்டி. அதன் ஓரத்தில் இரு கைப்பிடி அகலத்துக்குக் கொஞ்சம் கூடுதலான கல் நடைபாதை. வண்டியை உருட்டிக்கொண்டே நடந்தேன். வலக்கை எட்டும் தூரத்தில் படகொன்று அதே வேகத்தில் கூடவே வந்தது. இடப்பக்கம் வெகு கீழே அலியே மணலில் பிரிந்தும் சேர்ந்தும் ஓடிக்கொண்டிருந்தது. படகின் சமையலறைச் சன்னல் திறந்திருந்தது. உள்ளே ஒருவர் தக்காளி நறுக்கிக்கொண்டு, ஆற்றின் மேல் போய்க்கொண்டிருக்கிறோம் என்ற நினைப்பே இல்லாமல் வானொலி கேட்டுக்கொண்டிருந்தார்.

அங்கிருந்து சிறிது தொலைவில் அலியே லுவாரைச் சேரும் முனை. வில்லோ மரங்களுக்கு நடுவே நின்று பார்த்தோம். இரு நீரும் சட்டென்று கலப்பதில்லை. கொஞ்ச தூரம் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டே போகின்றன. மேற்கே கடலைச் சுட்டும் அம்புப் பலகையின் முன் மைத்துனன் கொஞ்ச நேரம் நின்றான்.

“இன்னும் தொள்ளாயிரம் கிலோமீட்டராம், அத்தான்.”

“எனக்குத் திங்கட்கிழமை வேலை, மாப்பிள்ளை.”

நெவேருக்குத் திரும்பி லுவார்ப் பாலத்தில் ஏறியபோது மாலை ஐந்தரை. அலுவலகங்கள் விட்ட நேரம். பின்னாலிருந்து ஒரு பேருந்து நெருங்கும் ஓசை கேட்டதும், தோள் தானாகக் குறுகியது. தலையைத் திருப்பி இடைவெளியை அளந்தேன், இடக்கையை நீட்டினேன், வட்டச் சந்திப்பில் நுழைந்தேன். ஆறு நாட்களில் இதுவே முதல் தடவை. நிலையத்தில் பெர்சிக்குப் போகும் வண்டி நின்றது. முன்சக்கரங்களைக் கொக்கியில் மாட்டித் தொங்கவிட்டபோது, என் பின்டயரிலிருந்து உலர்ந்த கால்வாய்ச் சேறு பெட்டித் தரையில் உதிர்ந்தது. மைத்துனன் குனிந்து, அதைக் கையால் கூட்டி அள்ளிக் குப்பைக்கூடையில் போட்டான்.